ஊங்கலும் ஊக்கலும்
பேராக் தோட்டத்து ஏணை முதல் தானே ஆடும் ஊசல் வரை

ஊஞ்சலுக்குப் பழந்தமிழ் இட்ட பெயர் ஊசல். அதனோடு இணைந்து இரண்டு வினைச்சொற்கள் சங்க நூல்களில் வழங்குகின்றன. ஊசலில் அமர்ந்தவள் தான் ஆடுதல் ஊங்குதல். அருகில் நிற்போர் அவளை ஆட்டிவிடுதல் ஊக்குதல். நீங்கு, நீக்கு என்பன போலவும், தூங்கு, தூக்கு என்பன போலவும் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்த அளவிலேயே வினையின் முதல்வர் மாறிவிடுகின்றனர்.

நற்றிணையின் 90-ஆம் பாட்டில் ஓர் இளம்பெண் வருகிறாள். பனைநாரால் திரித்த கயிற்றில் ஊசல் தொங்குகிறது; தோழியர் ஊக்குகின்றனர்; அவளோ ஊங்க மறுத்து அழுது நிற்கிறாள். இரு வினைகளும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. குறிஞ்சிக்கலியில் ஒருத்தி, தினைப்புனத்தருகே வந்து நிற்கும் அயலான் ஒருவனிடம், தன்னைச் சிறிது ஊக்குமாறு கேட்கிறாள். அகநானூற்றின் 20-ஆம் பாட்டில் நெய்தல் நிலத்து மகளிர் ஞாழற் கிளையில் தாழை விழுதைக் கயிறாகக் கட்டி ஆடுகின்றனர். இக்காலத்தில் மன எழுச்சியைக் குறிக்கும் ‘ஊக்கம்’ என்னும் சொல்லும் ஊசலை உந்திய அந்த வினைக்கு உறவுடையதே.

இச்சொல்லிணை ஒரு வரலாற்று உண்மையையும் உட்கொண்டிருக்கிறது. ஊசல் என்றால் இருவர் உண்டு: ஆடுபவர் ஒருவர், ஆட்டுபவர் ஒருவர். இலக்கியம் பெரும்பாலும் ஆடுபவரையே பாடிற்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல் வரி உண்டு. திருவாசகத்துத் திருப்பொன்னூசலில் பவளக் கால்களும் முத்துக் கயிறும் பொற்பலகையும் உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் ஊசற் பருவமே. ஆயினும், ஆட்டிய கைக்கு இப்பாடல்களில் கிடைத்த இடம் சிறிது. அக்கையின் வரலாற்றை அறிய விரும்புவோர் மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களுக்குச் செல்லுதல் வேண்டும். ஆட்டும் கையின் இடத்தில் மின்னணுக் கருவி வந்து அமர்ந்த கதையும் அம்மண்ணிலேயே முழுமையாகக் கிடைக்கிறது.

வலிமையன்று, காலமே

ஊசலை ஆட்டப் பெருவலிமை வேண்டுமென்று எண்ணுதல் பிழை. ஊசலும் அதில் அமர்ந்த சிறுமியும் சேர்ந்து 30 கிலோ எடை. கயிற்றின் நீளம் இரண்டரை மீட்டர். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை வரை ஆட்டம் எனக் கொள்க. அந்த ஆட்டத்தில் அடங்கிய ஆற்றல் சுமார் 100 ஜூல். காற்றாலும் கயிற்றின் உராய்வாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இதில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறதென்று வைத்துக்கொண்டாலும், ஈடுசெய்ய வேண்டியது 10 ஜூல் மட்டுமே. ஒரு கிலோ அரிசியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் உழைப்பு அது. ஒருமுறை போய்வர ஊசலுக்கு மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகுமாதலால், தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ மூன்று வாட். ஒரு சிறு இரவு விளக்கு கொள்ளும் அளவு.

ஆகவே வேண்டுவது வலிமையன்று, காலமறிதல். ஊசல் பின்னே வந்து, நின்று, திரும்பும் நொடியில் மெல்லத் தொட்டாலும் ஆட்டம் வளரும். அது எதிரே வரும்போது எத்துணை வலிமையுடன் தள்ளினாலும் ஆட்டம் தேயும். சிறிய ஆட்டங்களில் வீச்சு கூடினாலும் குறைந்தாலும் போய்வரும் காலம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ உணர்த்தினார். அவ்வுண்மையைக் கொண்டு 1656-இல் டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரத்தை அமைத்தார். அக்கடிகாரத்தில் ஒரு பற்சக்கரம் ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் உரிய நொடியில் ஒரு சிறு உந்தல் தருகிறது. உந்தும் நொடியைத் தேர்ந்தெடுப்பதும் ஊசலே. தொங்கும் எடையோ, முறுக்கிய சுருள்வில்லோ ஆற்றலை மட்டும் வழங்குகிறது. மனிதக் கையின்றி ஊக்கும் பொறிகளுள் புகழ்பெற்றது இதுவே. பின்னாளில் வந்த தானே ஆடும் ஊஞ்சல்கள் யாவும் ஏதேனும் ஒருவகையில் இக்கருத்தின் வழிவந்தவை.

விடியுமுன் ஓய்ந்த தாலாட்டு

1877-இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 ரப்பர் கன்றுகளுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பரின் தேவை உயர்ந்தது. ஈயத்திற்குப் பெயர்பெற்ற ஈப்போவைச் சுற்றியும், சுங்கை சிப்புட்டிலும், கீழ்ப் பேராக்கிலும் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளின் வழியாக ஆண்களும் பெண்களும் வந்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இவ்வரவு தொடர்ந்தது.

பால்மரத்தின் இயல்பே தோட்டத்தின் நாளை வகுத்தது. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவது தளரும். ஆதலால் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவும், இருள் பிரியும் வேளையில் மரத்தடியில் உளியுடன் இருக்கவும் வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் இருவருமே வெட்டுக்காரர்களாயின், லயத்து வீட்டின் உத்திரத்தில் ஏணையில் துயிலும் குழந்தையை யார் ஆட்டுவது?

இவ்வினாவிற்குத் தோட்டம் கண்ட விடை ஆயாக் கொட்டகை. உறக்கம் கலையாத குழந்தையைத் துணியில் சுற்றித் தாய் அங்கே ஒப்படைத்துவிட்டுச் செல்வாள். கொட்டகையின் விட்டத்தில் ஏணைகள் வரிசையாகத் தொங்கும். பெரும்பாலும் மரம் வெட்டும் வலுக் குறைந்த ஒரு முதியவளே ஆயாவாக இருப்பாள். ஓர் ஏணையை ஆட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்து, முதலாவது ஓயுமுன் மீண்டும் அதனிடம் வருதல் அவள் தொழில். எந்தக் குழந்தை மெல்லிய ஆட்டத்தில் உறங்கும், எது வீச்சு குறைந்தால் விழித்துக்கொள்ளும், எது பசியால் அழுகிறது, எது காய்ச்சலால் முனகுகிறது என்பவற்றை அவள் கை அறிந்திருந்தது.

பழந்தமிழில் தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்னும் பொருள்களே முதன்மையாக நின்றன. உறங்குதல் என்னும் பொருள் பின்னர் வலுப்பெற்றது. ஏணையில் தொங்கும் குழந்தை அசைந்து அசைந்து உறங்குவதைக் கண்டோர்க்கு இப்பொருள்மாற்றம் விளக்கம் வேண்டாதது. தூங்கும் குழந்தைக்குப் பின்னே தூக்கியவள் ஒருத்தி இருந்தாள் என்பதையும் இலக்கணம் சொல்லாமற் சொல்லுகிறது.

தோட்டத்துக் கணக்குகள் ஏக்கரையும் இறாத்தலையும் நன்கு அறிந்தவை. எத்தனை மரம், எவ்வளவு பால், எவ்வளவு உலர்ந்த ரப்பர் என்பன நாள்தோறும் எழுதப்பட்டன. அவற்றுள் எந்தப் பத்தியிலும் ஆயாவின் உழைப்பு அளக்கப்படவில்லை. எனினும் அவள் ஓர் ஏணையை விட்டு நகர்ந்தால் மலைக்காட்டில் ஒரு தாயின் கை தளரும் என்பதைக் கணக்கெழுதியோரும் அறிவர். தோட்டக் குழந்தைகளின் நலம் சட்டத்தின் பார்வைக்கு மெல்ல மெல்லவே வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்டப்பள்ளியைக் கட்டாயமாக்கிற்று. தொழிலாளர் வீட்டு வசதிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்ச அளவைகளை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில், பழைய ரப்பர் தோட்டங்கள் பல கலைந்துகொண்டிருந்தன.

சுருள்வில் தந்த ஓய்வு

மலாய் மக்களிடமும் துணித்தொட்டிற் பழக்கம் தொன்மையானது. அவர்கள் அதனைப் ‘புவாய்’ என்பர். பாத்திக் துணியோ சாரோங்கோ அதற்கு உதவும். இரும்புச் சுருள்வில் எளிதிற் கிடைக்கத் தொடங்கிய பின், உத்திரத்துக்கும் துணிக்கும் இடையே அச்சுருள் புகுந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவர் இல்லங்களிலும் இச்சுருள் தொட்டிலைக் காணலாம்.

சுருள் புகுந்தபோது ஆட்டத்தின் இலக்கணமே மாறிற்று. பக்கவாட்டில் வீசிய ஏணை மேலும் கீழும் அசையலாயிற்று. ஒருமுறை இழுத்துவிட்டால் சுருள் தன்னுள் தேக்கிய ஆற்றலைக் கொண்டு சிறிது நேரம் தானே ஆடும். அந்தச் சிறிது நேரத்தில் தாய் அடுப்பை ஊதலாம், மாவு பிசையலாம்.

இவ்விரு ஆட்டங்களுக்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கயிற்றில் தொங்கும் ஊசலின் காலம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. ஒரு மீட்டர் நீளமாயின் போய்வர இரண்டு நொடி. நான்கு மீட்டராயின் நான்கு நொடி. அதில் குழந்தை அமர்ந்தாலும் பாட்டி அமர்ந்தாலும் காலம் பெரிதும் மாறாது. சுருள் தொட்டிலோ எடைக்கேற்ப மாறும். நான்கு கிலோ குழந்தையால் கால் மீட்டர் நீளும் சுருளில் ஓர் ஆட்டம் ஒரு நொடியில் முடியும். அக்குழந்தை ஒன்பது கிலோவாக வளர்ந்தபின் அதே சுருளில் ஓர் ஆட்டத்திற்கு ஒன்றரை நொடி ஆகும். எனவே இல்லத்தார் திண்ணிய சுருளை மாற்றி மாட்டுவர். ஆட்டும் கையும் குழந்தையுடன் சேர்ந்து மாதந்தோறும் புதுக்காலம் பயின்றது. எவரும் கற்பிக்காத பயிற்சி அது.

தோட்டத்திலிருந்து ஆலைக்கு

1950-களில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வாழ்விடம் இழக்கும் தொழிலாளர் தம் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்கவேண்டும் என்னும் நோக்குடன், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வரணையும் மீறிக் காலம் ஓடிற்று. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. வேறு சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் ஆலைகளும் எழுந்தன. லயங்கள் காலியாயின, ஆயாக் கொட்டகைகளும் உடன் மறைந்தன.

அதே காலத்தில் மின்னணுத் தொழில் மலேசியாவில் கால்கொண்டது. 1972-இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தன் ஆலையைத் திறந்தது. ஈப்போவில் கார்செம் நிறுவனமும், பின்னர் யூனிசெம் நிறுவனமும் மின்னணுச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் பணியை மேற்கொண்டன. தோட்டத்துப் பெண்களின் மகள்மாரும் பேத்திமாரும் இத்தகைய ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். உளி பிடித்த குடும்பத்துக் கை நுண்ணோக்கியின் முன் அமர்ந்தது. பால் விடியுமுன் அழைத்தது போல, ஆலை இரவுமுறைக்கு அழைத்தது. ஏணையை ஆட்டுவது யார் என்னும் பழைய வினா புதிய வீட்டிலும் எழுந்தது. தோட்டத்தில் அதற்கொரு பொதுவிடை இருந்தது. நகரத்து அடுக்ககத்தில் அது இல்லை.

பொறி கற்ற காலம்

தானே ஆடும் குழந்தை ஊஞ்சல் அமெரிக்காவில் ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்தது. கிராகோ நிறுவனம் 1955-இல் வெளியிட்ட ‘ஸ்விங்கோமாட்டிக்’ கடிகாரத்தைப் போலச் சாவி முறுக்கி விடப்படுவது. அதன் காலம் அதன் உலோக உறுப்புகளிலேயே வடிக்கப்பட்டிருந்தது.

இந்நிலையை மாற்றியது மைக்ரோ கண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு உறவாடும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கியது அது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லு 1974-இலும், இன்டெல் நிறுவனத்தின் 8048 எனும் சில்லு 1976-இலும், 8051 எனும் சில்லு 1980-இலும் சந்தைக்கு வந்தன. விலை இறங்க இறங்க அவை சலவைப் பொறியிலும் சமையற் கருவியிலும் குடிபுகுந்தன. பின் தொட்டிலிலும் குடிபுகுந்தன. உத்திரத்துக் கொக்கிக்கும் சுருளுக்கும் இடையே ஒரு சிறு பெட்டி. அதனுள் ஒரு மோட்டார். அது தாளத்தோடு இழுத்து விடுகிறது. மலேசியக் கடைகளில் விற்கப்படும் மின்சாரத் தொட்டில் இதுவே.

ஊஞ்சலொன்றைத் தானே ஆடச் செய்ய விரும்பும் மாணவனும் இவ்வழியிலேயே செல்லலாம். அவனுக்கு வேண்டுவன மூன்று: ஊசல் எங்கே இருக்கிறது என்று உணரும் உணரி, அச்செய்தியைப் பெற்று முடிவுசெய்யும் நுண்கட்டுப்படுத்தி, உந்தும் மோட்டார். முதற்சில ஆட்டங்களில் பொறி உந்தாமல் காலத்தை மட்டும் அளக்கவேண்டும். அளந்த பின், ஊசல் விளிம்பில் நின்று திரும்பியதும் அதன் செலவுத் திசையிலேயே சிறிது உந்தவேண்டும். வீச்சு குறித்த அளவை எட்டியதும் உந்தலைக் குறைக்கவேண்டும். காலத்தை முன்கூட்டியே எழுதிவைத்து இயக்கினால், சில ஆட்டங்களுக்குப் பின் உந்தல் ஊசலுக்கு எதிராகத் திரும்பி அதனை நிறுத்திவிடும். ஒவ்வொரு முறையும் ஊசலைக் கேட்டுப் பின் உந்துவதே முறை. ஆயா செய்ததும் இதுவே.

‘தானே’ என்னும் சொல்லை இங்கே கவனத்துடன் ஆளவேண்டும். ஊசலின் அசைவிலிருந்து மின்சாரம் எடுத்து அம்மின்சாரத்தாலேயே ஊசலை ஓயாது ஆட்டுதல் இயலாது. எடுத்த அளவு ஆட்டம் குறையும். மாற்றத்தில் ஒரு பகுதி வெப்பமாய்க் கழியும். எனவே மின்கலமோ, வீட்டு மின்சாரமோ, வெயிலோ, மனித உடலோ ஏதேனும் ஒன்று ஆற்றலை ஈந்தே தீரவேண்டும். ஊஞ்சற் பலகையில் நின்று முழங்காலை உரிய நேரத்தில் மடக்கி நிமிர்த்தும் சிறுவன், பிறர் உதவியின்றியே வீச்சைப் பெருக்குகிறான். அவன் தசையின் உழைப்பே ஆட்டமாகிறது. அவ்வாட்டத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, மிகக் குறைந்த மின்சாரமே வேண்டும் நுண்கட்டுப்படுத்தியை இயக்கி, ஆட்டங்களை எண்ணச் செய்யலாம். உண்மையில் தன்வினைப் பெயருக்கு உரியது அந்தச் சிறுவனின் ஊங்கலே. மோட்டார் ஆட்டுவது யாவும் ஊக்கலே. அங்கே ஊக்குபவர் கண்ணுக்கு மறைந்து நிற்கிறார், அவ்வளவே.

எண்ணத் தக்கது

மின்சாரத் தொட்டிலைப் பழிப்பது அறிவுடைமையன்று. இரவுமுறை முடித்து வந்த தாயின் தோளுக்கு அது ஓய்வு தருகிறது. ஆட்டும் தொழிலைப் பொறி செவ்வனே செய்கிறது. ஆனால் ஆயாவின் தொழிலில் ஆட்டுதல் ஒரு பகுதியே. ஆட்டிக்கொண்டே அவள் பார்த்தாள். குழந்தையின் மூச்சையும் முகத்தையும் துணியின் முடிச்சையும் பார்த்தாள். பார்வை தேவைப்படாதென்று எண்ணிப் பொறியிடம் குழந்தையை நெடுநேரம் விட்டுவிடுதல் தீங்காகும். உறங்கிய குழந்தையை உறுதியான, சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தவேண்டும் என்பது இன்றைய குழந்தை மருத்துவர் தரும் அறிவுரை.

பேராக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை. அங்கே தன்வினை, பிறவினை கற்பிக்கும் ஆசிரியர் ஊங்கு, ஊக்கு என்னும் இணையைக் கரும்பலகையில் எழுதலாம். அறிவியல் வகுப்பில் ஒரு கயிறும் ஒரு கல்லும் கொண்டு காலத்தை அளக்கச் செய்யலாம்; வசதியிருப்பின் ஒரு நுண்கட்டுப்படுத்தியும் சேர்க்கலாம். அதன்பின் ஒரு வீட்டுப்பாடம் தரத்தக்கது. தம் பாட்டியை ஏணையில் ஆட்டிய ஆயாவின் பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன சொல்லித் தாலாட்டினார் என்று மாணவர் கேட்டு எழுதிவருதல் வேண்டும். ஆயாக் கொட்டகையில் வளர்ந்தோர் பலர் முதுமை எய்திவிட்டனர். விடை கூறவல்லோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். தோட்டக் கணக்கு எழுதாது விட்ட பத்தியைப் பள்ளிக் குறிப்பேடேனும் எழுதிக்கொள்ளட்டும்.